மோட்டர் கொட்டிலுக்கு வைஃபையா, சிம்மா?

கிளிநொச்சிப் பக்கம் பலருக்கு வீடு ஓரிடம், தோட்டக் காணி வேறிடம். மோட்டர் ஓடுகிறதா, கரண்ட் நின்றுவிட்டதா என்று பார்க்கவே சைக்கிளை எடுக்க வேண்டும். கொட்டிலில் இருக்கும் ஆர்டுயினோ புரோ மினி என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டுக்கு வாய் கொடுக்க இரண்டு மலிவான மொடியூல்கள் உண்டு: வைஃபைக்கு ஈஎஸ்பி-01, சிம்முக்கு சிம்800எல். இரண்டுக்கும் சீரியல் வயர் வழியே ஏடி (AT) என்று தொடங்கும் கட்டளையை எழுத்தாக அனுப்பினால் ‘ஓகே’ அல்லது ‘எரர்’ என்று பதில் வரும். நான் சிம்மைத்தான் வைத்திருக்கிறேன்.

கிணறு வீட்டு வளவுக்குள்ளேயே இருந்தால் ஈஎஸ்பி போதும். மாதச் செலவு இல்லை. சீரியல் வேகம் பொதுவாக வினாடிக்கு 115200 பிட் என்று அமைத்து வரும். 8 மெகாஹேர்ட்ஸ் புரோ மினிக்கு அது அதிகம், 9600க்கு இறக்கிவிடுங்கள். உண்மையில் ஈஎஸ்பியே ஒரு சின்னக் கணினி. நிரலை நேரே அதிலேயே எழுதிவிடலாம், ஏடி கட்டளையே தேவைப்படாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது கரண்ட்தான். கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும். எந்தச் செய்திக்காக இதையெல்லாம் பூட்டினோமோ அதுவே வராது. ரவுட்டருக்கும் பற்றரி வைக்கலாம், ஆனால் பராமரிக்க இன்னொரு பொருள் கூடிவிடும். சிம்மில் அந்தக் கவலை இல்லை. ஒரு லித்தியம் பற்றரியிலேயே போர்டும் மொடியூலும் ஓடும். மெசேஜ்கூட வேண்டாம்: கோல் எடுக்க ஏடிடி, நம்பர், அரைப்புள்ளி, சில வினாடியில் துண்டிக்க ஏடிஎச். மிஸ்ட் கோல் வந்தால் கரண்ட் இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், காசும் போகாது.

ஆனால் சிம்800எல் சாப்பாட்டில் கறாரான மருமகன் மாதிரி. 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான் ஏற்கும். 3.3 காணாது, 5 கூடிப்போகும். டவரோடு கதைக்கும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயர் என்றால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து மொடியூல் ரீசெட் ஆகும். நாம் சிக்னல் இல்லை என்று அன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்போம். மொடியூலுக்கு ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, தடித்த குட்டை வயர். மொடியூலில் உள்ள லைட் மூன்று வினாடிக்கு ஒருமுறை மின்னினால் நெட்வொர்க் பிடித்துவிட்டது. வினாடிக்கு ஒருமுறை என்றால் இன்னும் தேடுகிறது. சிக்னலை ஏடி+சிஎஸ்க்யூ சொல்லும்: 31 உச்சம், 99 வந்தால் அளக்க முடியவில்லை.

ரீலோட் மறந்தால் எல்லாம் வீண்தான். ஏடி+சியூஎஸ்டி மூலம் மீதிக் காசைக் கேட்டு, அந்தப் பதிலை மெசேஜாக அனுப்ப வைக்கலாம்.

தூரத்துக்குப் பேசும் ரேடியோவான லோரா மொடியூல்கள் சிலவற்றிலும் ஏடி கட்டளை உண்டு, சிம்மே வேண்டாம். மேசையில் இரண்டை வைத்துக் கதைக்க விட்டதோடு சரி. பனையும் பற்றையும் நடுவே நிற்கும்போது எவ்வளவு தூரம் போகும் என்று என்னால் சொல்ல முடியாது.

சிம்800எல் பழைய 2ஜி நெட்வொர்க்கில் மட்டும் ஓடும் என்பது உண்மையான குறை. ஏ7670 போன்ற 4ஜி மொடியூலுக்கு மாறினாலும் மெசேஜ் அனுப்பும் ஏடி+சிஎம்ஜிஎஸ் அதேதான், ஆகவே நிரலின் பெரும்பகுதி தப்பும். மிஸ்ட் கோல் பகுதியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 4ஜியில் குரல் அழைப்பு எடுக்குமா என்பது மொடியூல் வகையையும் நெட்வொர்க்கையும் பொறுத்தது.