கால்ட்ரெயின்: மின்சாரத்துக்கு மாறிய பிறகு

கலிபோர்னியாவில் சன்னிவேலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சான் பிரான்சிஸ்கோவையும் சான் ஹோசேயையும் இணைக்கும் புறநகர் ரயிலான கால்ட்ரெயினின் டீசல் காலத்தையும் பார்த்தாயிற்று, 2024 செப்டம்பரில் முழுமையாகத் தொடங்கிய மின்சாரச் சேவையும் பழகிவிட்டது. புது ரயில் வேகமாக ஓடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் உச்ச வேகம் அன்றும் இன்றும் மணிக்கு 79 மைல்தான். மாறியிருப்பது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும் விதம்.

முன்பு ஒரே இன்ஜின் மொத்த ரயிலையும் இழுக்க வேண்டும். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். ஸ்விஸ் நிறுவனமான ஸ்டாட்லர் தயாரித்த இந்தப் புது ஏழு பெட்டி ரயிலில் மோட்டார்கள் பல பெட்டிகளில் பிரிந்து இருப்பதால், கதவு மூடியதும் சட்டென்று எடுக்கிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எல்லா ஸ்டேஷனிலும் நின்று சான் ஹோசே போக முன்பு 100 நிமிடம் ஆனது, இப்போது சுமார் 75. நிற்பதால் வீணாகும் நேரம் குறைந்துவிட்டதால், சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டு ஓட வேண்டிய கட்டாயமும் தளர்ந்துவிட்டது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். வார இறுதியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரயில் என்றிருந்தது அரை மணிக்கு ஒன்றானதும், சனிக்கிழமை காரை எடுக்கும் பழக்கமே எங்கள் வீட்டில் போய்விட்டது.

நடைமேடையில் டீசல் புகை வாடை இல்லை. உள்ளே தாழ்ந்த குரலில் பேசினாலே கேட்கிறது. வைஃபை, இருக்கைக்கு இருக்கை சார்ஜ் போடும் வசதி எல்லாம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் மேலே ஓடும் மின்கம்பிக்கே திரும்புகிறது என்பதை நினைத்தால் இன்னும் பிடித்துப்போகிறது.

பழைய இரண்டடுக்கு கேலரி பெட்டிகளின் மேல்தளத்தில் ஒற்றை இருக்கைகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் யாரும் இல்லாமல் படித்துக்கொண்டே போகலாம். அதற்கு ஈடு புதியதில் இல்லை. ரயில் முழுவதற்கும் ஒரே கழிப்பறை என்பதும் போதாது. அப்புறம், சான் ஹோசேயில் உள்ள டாமியன் ஸ்டேஷனுக்குத் தெற்கே தண்டவாளம் யூனியன் பசிபிக் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது, மின்கம்பி கிடையாது. தெற்குக் கோடியில் உள்ள கில்ராய் பக்கத்து மக்கள் இன்னும் டீசல் ரயிலில்தான் வர வேண்டும், அதுவும் நாளுக்குச் சில ரயில்கள்தான். அடுத்த முதலீடு அங்கே போக வேண்டும்.

புதிதாக ஏறுபவர்களுக்கு ஒன்று: இங்கே டிக்கெட் பார்க்கும் தடுப்புக் கதவுகள் கிடையாது. ஏறும் முன் கிளிப்பர் என்ற பயண அட்டையை நடைமேடையில் உள்ள கருவியிலேயே தட்டுங்கள், இறங்கியதும் மறுபடி தட்டுங்கள். மறந்தால் கூடுதல் கட்டணம் பிடித்துவிடும்.