தீட்டக் கொடுத்த சறுக்குக் காலணியும் விற்பனைக்கு இல்லாத பதினொரு அட்டைகளும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்கும் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் அலுவலகத்துக்கும் நடுவே, பழைய பனி ஹொக்கிச் சாமான்கள் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லவும் இருக்கிறேன் என்பது ஒரு காரணம். அங்கே மூன்று வாகனங்கள்தான் நிறுத்தலாம் என்பது மற்றக் காரணம்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஓடி விளையாட எத்தனையோ இடம் இருக்க, கோல்காப்பாளராகத்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தான். கோல்காப்பாளரின் கால் கவசம் புதிதாக வாங்குவதென்றால் என்ன விலை என்று இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே பழைய சாமான் கடை. அங்கே வாங்கிய கவசம் இரண்டு பருவம் தாங்கியது. தோல்பட்டி ஒன்றுதான் அறுந்தது; அதையும் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தார் கடைக்காரர். சாமானின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை.

சறுக்குக் காலணியின் கத்தியைத் தீட்டுவதில்தான் சிக்கல். நான்கு மணிக்கு வாருங்கள் என்றால் ஐந்தரை என்று நாங்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை, மற்ற ஆட்டக்காரர்களுக்குத் தீட்டுவதைப் போல ஆழமாகத் தீட்டிவிட்டார். பக்கவாட்டில் வழுக்கிப் போக வேண்டிய பையன் பனியில் கத்தி குத்தி நிற்பதுபோல நின்றான். அன்று ஏழு கோல். வீடு வரும்வரை வாகனத்தில் ஒருவரும் பேசவில்லை. கடன் அட்டையும் எடுக்க மாட்டார். பணமாகத்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அங்கேயே போகிறோம்? காசுப் பெட்டிக்கு மேலே இருக்கும் கண்ணாடித் தட்டுக்காக.

அதில் வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஆடிய பதினொரு கோல்காப்பாளர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பருவம், அவருடைய உச்சப் பருவம். ஒவ்வோர் அட்டைக்குக் கீழும் பென்சிலால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அதில் அவர் எத்தனை ஆட்டம் வென்றார் என்பது இருக்காது. அந்த ஆண்டு ஆட்டம் எப்படி இருந்தது என்று இருக்கும். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர், வட ஒன்ராறியோக்காரர். சிறுவயதில் முகமூடி இல்லாமல் கோலில் நின்றதாகச் சொல்வார். மூக்கைப் பார்த்தால் நம்பலாம்.

இடப்பக்கம் முதலாவது ஜோர்ஜ் ஹெய்ன்ஸ்வேர்த், மொன்றியல், 1928–29. அசல் அட்டை வாங்க வசதியில்லாமல் நிழற்படப் பிரதி வைத்திருக்கிறார். 44 ஆட்டங்கள், அவற்றில் 22 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. பருவம் முழுவதும் விட்டது 43 கோல். முதலில் பார்த்தபோது, இதற்குமேல் ஒப்பிட என்ன இருக்கிறது, கடையைப் பூட்டிவிட்டுப் போகலாமே என்று நினைத்தேன். கீழே இருந்த துண்டைப் படிக்கச் சொன்னார். அந்தப் பருவத்தில் எதிரணியின் எல்லைக்குள் பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, முன்னோக்கித் தட்டிக் கொடுக்க அனுமதி இல்லை. ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரைக் கோல்தான் அடித்தது. அடுத்த பருவத்தில் விதி மாறியது; கோல்கள் கிட்டத்தட்ட இரட்டித்தன. அதே ஹெய்ன்ஸ்வேர்த், அதே அணி, ஆட்டத்துக்கு இரண்டுக்கு மேல் விட்டார்.

“இன்னும் ஒன்று கேளுங்கள். 22 ஆட்டங்களில் கோல் விடாத அந்தப் பருவத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கிண்ணம் இவருக்குப் போகவில்லை. ஒரு கோல்காப்பாளருக்குத்தான் போனது, ஆனால் இவருக்கில்லை” என்றார். அது நியூ யோர்க் அமெரிக்கன்ஸின் ரொய் வோர்ட்டர்ஸ். ஐந்தடி மூன்று அங்குலம்தான் உயரம். எண்ணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எண்ணை நம்பவில்லை.

அடுத்தது டிட்ரொயிட்டின் டெரி சாவ்சக். 1952ஆம் ஆண்டில், பருவம் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றில் எட்டு ஆட்டமும் வெற்றி. விட்டது ஐந்தே கோல். சொந்த அரங்கில் ஒன்றுகூட இல்லை. அந்த எட்டு வெற்றிக்கு எட்டுக் கால் என்று இரண்டு மீன்கடைக்காரச் சகோதரர்கள் ஒக்டோபஸ் ஒன்றைப் பனித்தளத்தில் வீசினார்கள். டிட்ரொயிட்டில் இன்றும் வீசுகிறார்கள். நல்ல கறிக்கு ஆக வேண்டியது. ஆனால் எட்டு ஆட்டத்தைப் பருவம் என்று சொல்லலாமா? இந்த அட்டை அங்கே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் காதில் விழவில்லை என்பதுபோல் இருந்தார்.

பிளாண்ட், எஸ்பொசிட்டோ ஆகியோரைக் கடந்து போகிறேன். சண்டைக்கு இடமில்லாத அட்டைகள். சண்டை தொடங்குவது பேர்னி பரென்டிடம். பிலடெல்பியா, 1973–74. 73 ஆட்டங்கள், 47 வெற்றி, 12 ஆட்டங்களில் கோல் விடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அந்த வெற்றிக் கணக்கை நியூ ஜெர்சியின் மார்ட்டின் புரோடூர் 2006–07இல் 48 ஆக்கினார். அவரும் 12 ஆட்டங்களில் கோல் விடவில்லை. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் கடைக்காரர், ஆண்டு வரிசையைக் குலைத்து, வேண்டுமென்றே. பரென்டின் துண்டில் இருப்பது: “சமநிலை என்றால் சமநிலைதான்.” அக்காலத்தில் லீக் ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது. புரோடூரின் காலத்தில் கூடுதல் நேரமும் உண்டு, அதற்குப் பின் தண்டனை அடிகளும் உண்டு. அங்கே வென்றாலும் கணக்கில் வெற்றிதான். போதாததற்கு, நான்கு ஆட்டங்கள் நீண்ட பருவம். கடைக்காரரின் முதலிடம் பரென்டுக்கு. இதில் அவரை மறுக்க முடியவில்லை. 47ஐவிட 48 சிறியது என்று எழுபது வயதுக்காரர் ஒருவர் எனக்கு நிரூபித்துவிட்டார்.

ஆனால் என் ஆள் டொமினிக் ஹாஷெக். பஃபலோ. தடுப்பு விகிதம் என்று ஒன்று இருக்கிறதே, அடித்தவற்றில் எத்தனை வீதம் தடுத்தார் என்பது, அதை வைத்துத்தான் நான் பார்ப்பேன். 1998–99இல் அவருடையது 93.7. பொஸ்ரனின் டிம் தோமஸ் 2010–11இல் 93.8. எண்ணைப் பார்த்தால் தோமஸ் மேல். கடைக்காரர் துண்டில் லீக் சராசரியையும் எழுதியிருக்கிறார்: ஹாஷெக்கின் ஆண்டில் ஏறக்குறைய 90.8, தோமஸின் ஆண்டில் 91.3. அதாவது நூறு அடியில் மற்றவர்கள் 9.2 கோல் விட்ட இடத்தில் ஹாஷெக் விட்டது 6.3. மற்றவர்கள் 8.7 விட்ட இடத்தில் தோமஸ் விட்டது 6.2. மேலே இருந்தவர் கீழே வந்துவிட்டார்.

இந்தக் கணக்கை என் மகன் பிடித்துக்கொண்டான். தீட்டி முடியும்வரை வேறு வேலையும் இல்லை. கைத்தொலைபேசியை எடுத்து ஒவ்வோர் அட்டையாகப் போட்டான். மொன்றியலின் கெரி பிரைஸ் 2014–15இல் 93.3, வினிப்பெக்கின் கொனர் ஹெலபக் 2024–25இல் 92.5. இருவரும் அந்தந்த ஆண்டில் ஹார்ட் கிண்ணம் வென்றவர்கள். பிரைஸ் நின்ற காலத்தில் சராசரி 91.5, ஹெலபக்கின் காலத்தில் 90ஐ ஒட்டி. பிரைஸ், மற்றவர்கள் விட்டதில் 79 வீதம் விட்டார். ஹெலபக் 75 வீதம். பிரைஸைக் கும்பிடுபவன் நான், கொஞ்சம் வலித்தது.

கிராண்ட் ஃபியூர்தான் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போனவர். எட்மன்ரன், 1987–88. 75 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 3.43 கோல், தடுப்பு விகிதம் 88.1. சராசரியே அவ்வளவுதான். ஆனாலும் சிறந்த கோல்காப்பாளர் விருது அவருக்கு. “கணக்கில் வராததுதான் ஃபியூர்” என்றார் கடைக்காரர். இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் ஏழுக்கு மேல் அடித்த காலம். அவருடைய அணி முழுவதும் முன்னால் கோல் தேடிப் போய்விடும். பின்னால் தனியாக நின்றவர் அவர். நின்ற இடத்தின் கொடுமையைத் தடுப்பு விகிதம் சொல்வதில்லை. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் என் வீட்டுத் தட்டில் ஃபியூருக்கு இடம் கொடுக்க மாட்டேன்.

ஹாஷெக்கின் அட்டை மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலம் பின்னால் தள்ளி இருந்தது. ஏன் என்று கேட்டேன். “நாகானோ” என்றார், வேறொன்றும் சொல்லாமல். அங்கே நடந்த 1998 ஒலிம்பிக் அரையிறுதியில் செக் நாட்டுக்காக நின்று கனடாவின் ஐந்து தண்டனை அடிகளையும் தடுத்தவர் ஹாஷெக். கனடாவின் பெரிய நட்சத்திரமான கிரெட்ஸ்கியை அடிக்க அனுப்பாமல் இருக்கையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த அட்டை ஓர் அங்குலம் முன்னுக்கு வரவில்லை.

அப்போதுதான் மகன் தலையை நிமிர்த்தினான். “அப்பா, நீங்கள் சொல்லும் ஆண்டு பிழை.” 1993–94இல் ஹாஷெக் 93.0, சராசரி 89.5. மற்றவர்கள் பத்தரை விட்டபோது அவர் விட்டது ஏழு. சரியாக மூன்றில் இரண்டு. 1998–99இல் 68 வீதத்துக்கு மேல். 93.7ஐ 93.0 வெல்கிறது. ஆறு ஆட்டம் குறைவாக ஆடிய பருவம் அது, ஆகவே என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். இருவரும் கேட்பதாக இல்லை. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மகனின் கைத்தொலைபேசியை வாங்கி நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அட்டையை விலைக்குக் கேட்டேன். தட்டில் இருப்பது விற்பனைக்கு இல்லை என்றார். பெட்டிக்குள்ளிருந்து ஃபியூர் அட்டை ஒன்றை இரண்டு டொலருக்குத் தந்தார். மகன் அதைத் தன் முகமூடிப் பைக்குள் வைத்திருக்கிறான்.

போன சனிக்கிழமை மறுபடி போனோம். ஹாஷெக்கின் துண்டில் 1998–99 வெட்டப்பட்டு, கீழே 1993–94 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அட்டை அதே ஓர் அங்குலம் பின்னால்தான். காலணி தயாராக இருக்கவில்லை.