அல்சூரில் ஒரு கூர்முனைப் பேனா வகுப்பு: கட்டணத்துக்குத் தகுந்ததா?

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடியில், இரண்டு வார இறுதிகளில் நான்கு அமர்வுகளாக நடத்தப்படும் கூர்முனைப் பேனா எழுத்தணி (கலிகிராஃபி) வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. நடத்துபவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்து இந்நகரில் குடியேறிய தமிழர். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், கேள்வி தமிழில் வந்தால் தமிழிலும் கன்னடத்தில் வந்தால் கன்னடத்திலும் விடை சொல்கிறார். கட்டணம் ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பேனா, நிப், மை, தாள் ஆகியவை கொண்ட ஒரு பெட்டியும் அதில் அடக்கம். தொட்டெழுதும் பேனாவை இதற்கு முன் கையில் எடுத்தே இராத ஒருவர் இதில் சேரலாமா என்று கேட்டால், கற்பித்தலுக்காகத் தயங்காமல் சேரலாம், பெட்டிக்காகச் சேர வேண்டாம் என்பதே என் விடை.

இங்கே கற்றுத்தரப்படுவது காப்பர்பிளேட் எனப்படும் சாய்வெழுத்து. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தாசான்கள் வாத்து இறகால் எழுதிய எழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, பயிற்சி நூல்களாக அச்சிட்டு விற்றார்கள். இறகுக்குப் பதிலாக எஃகு நிப்பைப் பர்மிங்காம் நகரத் தொழிற்கூடங்கள் 1820-களுக்குப் பின் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகு, அந்த எழுத்து எளியவர் கைக்கும் எட்டியது. பட்டைமுனைப் பேனாவில் பிடிக்கும் கோணத்தைப் பொறுத்துக் கோடு தடிக்கும், மெலியும். கூர்முனைப் பேனாவில் அப்படியில்லை. நிப்பின் நடுவே பிளவு இருக்கிறது. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் இரு நாக்குகளும் விலகி மை அகலமாக இறங்கும், மேல்நோக்கிச் செல்லும்போது அழுத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டால் நாக்குகள் ஒன்றுசேர்ந்து மயிரிழை போன்ற கோடு விழும். இந்த ஒரு செயலை, அதாவது இறங்கும்போது அழுத்தி ஏறும்போது விடுவதை, முதல் அமர்வு முழுவதும் எழுத்து ஒன்றைக்கூட எழுதவிடாமல் பழக்குகிறார் ஆசிரியர். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பணம் கொடுத்து வந்தவர்களை முதல் நாளே தம் பெயரை எழுதவைத்து மகிழ்வித்து அனுப்பும் வகுப்புகள் இந்நகரில் இருக்கும்போது, அந்தச் சலிப்பைத் தர ஒருவருக்குத் துணிவு வேண்டும்.

வகுப்பின் உண்மையான பலம் இரண்டாம் அமர்வில் தெரிகிறது. நம்மில் பெரும்பாலோர் நான்குவரி நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து எழுதி வளர்ந்தவர்கள். ஒரு சொல்லைத் தாளில் வைத்த பேனாவை எடுக்காமல் முடிப்பதே அழகு என்று அந்த நோட்டு நம்மைப் பழக்கியிருக்கிறது. காப்பர்பிளேட் அதற்கு நேர் எதிரானது. பார்வைக்கு ஒரே ஓட்டமாகத் தெரியும் சொல், உண்மையில் ஏறுகோடு, இறங்குகோடு, மேல்வளைவு, கீழ்வளைவு, இரட்டை வளைவு, நீள்வட்டம், மேற்கண்ணி, கீழ்க்கண்ணி என்ற துண்டுகளாக, ஒவ்வொன்றின் முடிவிலும் பேனாவைத் தாளிலிருந்து தூக்கி, அடுத்ததன் தொடக்கத்தைப் பார்த்து வைத்து எழுதப்படுவது. இந்தத் தூக்கலைச் சொல்லித்தராத காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள் மாதக்கணக்கில் திணறுவதற்குக் காரணம் கை வராமை அல்ல. கூட்டெழுத்தின் வேகத்தில் நிப்பை ஓட்டுவதுதான். எங்கள் குழுவில் நன்றாக ஆங்கிலம் எழுதும் இளைஞர்களைவிட, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் மையைத் தொட்டெழுதும் கட்டைப் பேனாவால் எழுதிய ஒரு பெரியவரே விரைவில் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அழுத்தம் கூடியபோது ஆசிரியர் அருகில் வந்து, "ஐயா, விரலை இறுக்காதீங்க, முழங்கையிலிருந்து இழுங்க, மீதியை நிப் பார்த்துக்கும்" என்றார். அடுத்த வரியிலேயே மாற்றம் தெரிந்தது. ஒருவருடைய கையைப் பார்த்து அந்தக் கைக்கு வேண்டியதைச் சொல்லும் இந்தத் திறனுக்குத்தான் கட்டணம் தகும்.

வகுப்பு முடிந்த பிறகும் ஒரு மாதம் வரை, எழுதிய தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிழை குறித்துத் தருகிறார். பொத்தாம்பொதுவாக "நன்று" என்று எழுதி அனுப்புவதில்லை. அடிக்கோட்டிலிருந்து 55 பாகைச் சாய்வில் சிவப்புக் கோடுகளைப் படத்தின்மேல் போட்டு, எந்த எழுத்து நிமிர்ந்துவிட்டது, எது படுத்துவிட்டது என்று காட்டுகிறார். எழுத்தின் நடுப்பகுதியைப் போல ஒன்றரை மடங்கு உயரம் மேற்கண்ணிக்கும் அதே அளவு கீழ்க்கண்ணிக்கும் வேண்டும் என்ற 3:2:3 அளவும் அப்படித்தான் மனத்தில் பதிகிறது. சாய்வும் இடைவெளியும் சீராக இருந்தால் தனித்தனி எழுத்துகளின் குறைகள் கண்ணில் படுவதில்லை என்பது இந்தக் கலையில் தொடக்கநிலையினருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை.

இனி பெட்டி. அதில் இரண்டு வகை நிப்கள் இருந்தன. ஒன்று ஜப்பானிய நிக்கோ ஜி. ‘மாங்கா’ எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை வரையும் ஓவியர்களின் கருவியாகப் பெயர்பெற்ற இந்த ஜி வகை நிப் விறைப்பானது. அழுத்தினால்தான் திறக்கும், கை தவறினாலும் தாளைக் கிழிக்காது, நெடுநாள் உழைக்கும். தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிப் எனக்குத் தெரியவில்லை. மற்றொன்று கில்லட் 303. இதன் கோடு மிக நேர்த்தியானதுதான், ஆனால் முனை ஊசியைப் போல் கூர்மை, நாக்குகள் சிறு அழுத்தத்துக்கே விரியும். ஏறுகோட்டில் இம்மியளவு அழுத்தம் மிஞ்சினாலும் தாளின் நாரில் மாட்டி மையைத் தெறிக்கவிடும். கைப் பழக்கம் வராத ஒருவரிடம் இதைக் கொடுப்பது நல்ல நிப்பையும் அவருடைய ஊக்கத்தையும் ஒருசேர வீணாக்குவது. பெட்டியில் இதற்குப் பதிலாக இன்னும் இரண்டு நிக்கோ ஜி வைத்திருக்கலாம். நிப் என்பது தேய்ந்து கழியும் பொருள் என்பதையும், இறங்குகோட்டின் விளிம்பு பிசிறடிக்கத் தொடங்கினால் கையைக் குறை சொல்வதற்கு முன் நிப்பை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதையும் வகுப்பில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

புது நிப்பை எப்படித் தயார் செய்வது என்பதை மட்டும் அருமையாகச் சொல்லித்தந்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்க ஆலையிலேயே எண்ணெய்ப் பூச்சு பூசித்தான் நிப் வருகிறது. அந்தப் பூச்சின்மேல் மை நிற்காமல் முத்துமுத்தாக உருண்டு, ஒரே சொட்டாகத் தாளில் விழும். சிலர் நிப்பைத் தீயில் காட்டச் சொல்வார்கள். மெல்லிய எஃகின் பதம் கெடும் என்பதால் ஆசிரியர் அதைத் தவிர்த்து, பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும் என்கிறார். எழுதும்போது சில வரிகளுக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கித் துடைப்பதற்கு, நார் உதிரும் டிஷ்யூ தாளை விடத் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியே நல்லது. மழைக்காலப் பெங்களூரில் ஈரத்தோடு வைத்த நிப் மறுநாள் காலைக்குள் பழுப்பேறிவிடும்.

பெட்டியின் பெருங்குறை, நிப்பைச் செருகிப் பிடிக்கும் தண்டான ஹோல்டர்தான். வலக்கைக்காரர் 55 பாகைச் சாய்வில் எழுதும்போது மணிக்கட்டை முறுக்காமல் இருக்க, நிப்பை இடப்புறம் ஒதுக்கிப் பிடிக்கும் கவ்வியுள்ள ஆப்ளிக் ஹோல்டர் உதவுகிறது. அந்தக் கவ்வி குறிப்பிட்ட நிப்பின் வளைவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நிப் ஆடும், அல்லது ஒரு பக்கமாகச் சாயும், அப்போது ஒரு நாக்கு மட்டும் பாரம் தாங்கி, தடித்த கோட்டின் ஒரு விளிம்பு வழவழப்பாகவும் மறு விளிம்பு ரம்பமாகவும் விழும். பெட்டியில் தந்தது வளைக்கவே முடியாத பிளாஸ்டிக் கவ்வி. பித்தளைக் கவ்வியாக இருந்தால் சிறு குறடு கொண்டு நிப்புக்கேற்ப நெருக்கிக்கொள்ளலாம். விலை பல மடங்கு கூடுதல் என்பது உண்மை, ஆனால் ஹோல்டர் ஒருமுறை வாங்குவது. மேலும், குழுவில் இருந்த இடக்கைப் பழக்கமுள்ள பெண்ணுக்கும் அதே வலக்கை ஹோல்டரையே கொடுத்தார்கள். வரிக்குக் கீழே கையை வைத்து எழுதும் இடக்கைக்காரருக்குச் சாய்வு இயல்பாகவே அமைவதால் விலை குறைந்த நேர் ஹோல்டரே போதும், தாளைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் சரி. இதைச் சேரும்போதே ஒரு கேள்வியாகக் கேட்டுவைத்தால் தீரும். ஆசிரியர் மறுவாரம் தாமே ஒரு நேர் ஹோல்டரைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமி எனப்படும் ஜப்பானியக் கரி மையைச் சிறு புட்டியில் ஊற்றித் தந்தார்கள். கறுப்பு ஆழமாக இருக்கிறது, வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், கெட்டியானால் சில சொட்டு நீர் விட்டால் போதும். வீட்டில் கிடக்கும் ஃபவுண்டன் பேனா மையைத் தொட்டு எழுதினால் நீர்த்தன்மையால் நிப்பில் தங்காமல் வழியும்; கம் அரபிக் என்னும் பிசினைச் சிறிதளவு கலந்தால் நிற்கும். பொறியியல் வரைபடக் காலத்து இந்தியன் இங்க் நிப்புக்கு ஆகும், அதை மறந்தும் ஃபவுண்டன் பேனாவில் நிரப்பிவிடக் கூடாது. உள்ளே இறுகினால் பேனா போயிற்று. மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் எந்த மையும் நிப்பின் முனையிலேயே உலரும் என்பதை வகுப்பறையிலேயே கண்டோம்.

பெட்டியில் கொடுத்த தாள் சாதாரண நகல் தாள். மை ஊறிப் படர்ந்து மயிரிழைக் கோடு கம்பளிப் பூச்சியைப் போல் ஆகிவிடுகிறது, தொடக்கநிலையினரோ அதைத் தம் கையின் குற்றம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவென்யூ சாலைத் தாள் கடைகளில் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) எக்ஸிக்யூட்டிவ் பாண்டு தாளைக் கட்டாகவே வாங்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, வீட்டில் தொட்டெழுதிப் பார்த்துவிடுவது நலம், ஏனெனில் எடையைவிட மேற்பரப்பின் வழவழப்பும் பசைப்பூச்சுமே இங்கே கணக்கு. அடியில் வழிகாட்டிக் கோட்டுத் தாளை வைத்தால் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவும் அது இருக்க வேண்டும்.

கடைசி அமர்வு எனக்கு ஏமாற்றம் தந்தது. சிற்றெழுத்துகளின் நீள்வட்டமே பலருக்கு முட்டை வடிவத்துக்கு வராத நிலையில், பேரெழுத்துகளைப் பாதியில் தொட்டுவிட்டு, கொடியும் சுருளுமான அலங்காரக் கோடுகளுக்குத் தாவிவிட்டார்கள். விளம்பரத்தில் "கல்யாணப் பத்திரிகை உறைகளுக்குப் பெயர் எழுதிச் சம்பாதிக்கலாம்" என்றிருப்பதால் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் அவசரம் என்று நினைக்கிறேன். நான்கு அமர்வில் அது ஆகாது. இறுதியில் தந்த சான்றிதழில் எங்கள் பெயர்கள் கணினி எழுத்தில் அச்சாகியிருந்தன. எழுத்தணி வகுப்பில் அதையாவது கையால் எழுதியிருக்கலாம்.

தமிழில் இதை எழுத முடியுமா என்று குழுவில் மூவர் கேட்டோம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் ஆசிரியர் இடைவேளையில் எழுதிக் காட்டினார், வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே தடிமன். ஆகவே எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்பதற்கு நமக்கு வழிவழியான விதியில்லை. ட எளிது, இறங்குகோடு தடித்துக் கிடைக்கோடு மெலியும். ப எழுதும்போது வலக்காலை நேர்மேலே தள்ளினால் முனை தாளில் குத்தும். அங்கே பேனாவைத் தூக்கி, அந்தக் காலை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். ண போன்ற எழுத்தில் இறங்குகோடுகள் நெருங்கி நிற்பதால் எல்லாவற்றையும் தடிக்கவிட்டால் எழுத்தே கருத்துத் திட்டாகிவிடும். ஒன்றை மட்டும் தேர்ந்து அழுத்தி மற்றவற்றை விட்டுவிடுவது நல்லது. 55 பாகைச் சாய்வும் தமிழுக்கு ஒவ்வவில்லை. சற்றே சாய்த்து அல்லது நிமிர்த்தி, நேர் ஹோல்டரால் எழுதியபோதே படிக்க இதமாக இருந்தது. இதற்கென்று தனியாக ஒரு வகுப்பு நடத்தினால் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சேர விரும்புபவர்கள், பெட்டி வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் கட்டணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்கிறார்கள். இது விளம்பரத்தில் இல்லை, கேட்டால்தான் தெரியும். அந்தப் பணத்தில் பித்தளைக் கவ்வியுள்ள ஹோல்டர் ஒன்று, நிக்கோ ஜி நான்கைந்து, ஒரு கட்டுப் பாண்டு தாள் ஆகியவற்றுக்குப் பெரும்பகுதி வந்துவிடும். மை மட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.