ஜியோஜீப்ரா: இழுத்துப் பார்த்துக் கற்கும் கணிதம்

2001ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்குஸ் ஹோஹென்வார்ட்டர் தம் முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருள், வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைக்கிறது. வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, உலாவியிலேயே இயங்கும்.

இதன் உண்மையான வலிமை, ஓர் எண்ணின் மதிப்பை இழுத்து மாற்ற உதவும் ஸ்லைடரில்தான் இருக்கிறது. y = ax² + bx + c என்று உள்ளிட்டால் மூன்று கெழுக்களுக்கும் ஸ்லைடர்கள் கிடைக்கின்றன. a-ஐ நகர்த்தினால் பரவளையம் குறுகும், விரியும், எதிர்மதிப்பில் கவிழும். c-ஐ நகர்த்தினால் மேலும் கீழும் செல்லும். இவ்விரண்டையும் கரும்பலகையிலேயே விளக்கிவிடலாம். ஆனால் b-ஐ மாற்றும்போது என்ன நிகழும் என்று கேட்டால், பக்கவாட்டில் நகரும் என்றே பலரும் சொல்வார்கள். முனைப்புள்ளியைக் குறித்து, அதன் தடம் திரையில் பதியுமாறு அமைத்துவிட்டு b-ஐ இழுத்தால், அப்புள்ளி y = −ax² + c என்னும் கவிழ்ந்த பரவளையத்தின் மீதே பயணம் செய்வது தெரியவரும். ஏன் அப்படி என்ற கேள்வி மாணவரிடமிருந்தே எழும். விடையைத் தாளில் வருவிக்க நான்கைந்து வரிகள் போதும்.

கண்ணால் கண்டதையே நிரூபணம் என்று மாணவர் எடுத்துக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. முக்கோணத்தின் உச்சியை எங்கு இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே இருப்பதைக் காட்டுவது எளிது. ஆனால் அது ஏன் என்பதைத் திரை சொல்லாது. போதாக்குறைக்கு, கோணங்களை இரண்டு தசம இடங்களுக்குத் திருத்திக் காட்டும்போது 47.33, 61.33, 71.33 என்று வந்து, கூட்டினால் 179.99 ஆகிவிடக்கூடும். அமைப்புகளில் தசம இடங்களின் எண்ணிக்கையை அதிகரித்துக்கொள்ளலாம். அதிகரிக்காமல் விட்டு, காணாமற்போன 0.01 எங்கே என்று வகுப்பைத் தேடவைப்பது என் விருப்பம்.

கருவிப்பட்டைகளின் நெரிசல் புதியவரைச் சற்று மிரட்டும். வரைபடம் மட்டுமே தேவையென்றால் டெஸ்மோஸ் என்னும் இணையக் கருவி இன்னும் எளிமையானது. வடிவியல் வரைவுகளும் முப்பரிமாணமும் புள்ளியியலும் ஒரே இடத்தில் வேண்டுவோருக்கு ஜியோஜீப்ராவே பொருத்தம். கைப்பேசியின் சிறு திரையில் ஒரு புள்ளியை விரலால் துல்லியமாகப் பிடிப்பது சிரமம் என்பதால் கணினியோ டேப்லெட்டோ நல்லது.

ஆசிரியர்கள் உருவாக்கிப் பகிர்ந்துள்ள ஆயத்தப் பயிற்சிகள் தளத்தில் ஏராளமாக உள்ளன. தரம் ஒரே சீராக இல்லை. விடையை முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, இழுப்பதற்கு முன் மாணவரை ஊகிக்கச் சொல்பவற்றைத் தேர்ந்தெடுப்பது நலம்.