ருமேனிய மொழியைத் தனியாகக் கற்க: செயலியா, ஒலிப்பாடமா, புத்தகமா?

ஆசிரியர் இல்லாமல் ருமேனிய மொழியைத் தொடங்க நினைப்பவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: கைபேசிச் செயலி, கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஒலிப்பாடம், ஒலிப்பதிவுடன் வரும் தொடக்கநிலைப் புத்தகம். மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு நான் புத்தகத்தில் நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த அலசல் புத்தகத்தின் பக்கம்தான் சாயும். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மொழியைப் பார்த்து மிரளத் தேவையில்லை. ருமேனியாவிலும் மால்டோவாவிலும் ஆட்சிமொழி. இத்தாலியன், ஸ்பானிஷ் போல லத்தீனிலிருந்து வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு எளிய மொழிகள் என்று வைத்திருக்கும் முதல் வரிசையில் இதுவும் ஒன்று. அதே பட்டியலில் தமிழுக்கு 44 வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டுதானே!

செயலியை முதலில் முடித்துவிடலாம். டுவோலிங்கோவில் ஆங்கிலம் வழியாக ருமேனியப் பாடம் இருக்கிறது. காசு கேட்காமல் தொடங்கலாம், தினமும் ஞாபகப்படுத்தும், பேருந்தில் நின்றுகொண்டே பத்து வாக்கியம் போடலாம். முதல் சில நூறு சொற்கள் கண்ணுக்குப் பழக இதைவிட வசதி கிடையாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்பானிஷ் பாடத்தோடு ஒப்பிட்டால் ருமேனியப் பாடம் சின்னது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பாடத்தில் பெயர்பெற்றது பிம்ஸ்லர். ருமேனிய மொழிக்கு அரைமணி நேரப் பாடங்கள் முப்பது. கேட்ட சொல்லை 5 விநாடி கழித்து, பிறகு 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று இடைவெளியை நீட்டி நீட்டித் திரும்பக் கேட்பது இந்த முறையின் அடிப்படை. பால் பிம்ஸ்லர் 1967இல் வெளியிட்ட கணக்கு அது. வாய் திறக்கக் கூச்சப்படுபவருக்கு அருமையான மருந்து. எண்களைப் பழக இதுபோல வேறில்லை. ருமேனிய மொழியில் 19 லேய் (லேய் அந்நாட்டு நாணயம்) என்று நேராகச் சொல்லலாம், ஆனால் 20 லேய் என்றால் நடுவில் ‘தெ’ என்று ஒரு சொல் நுழைய வேண்டும். கடையில் விலை சொல்லும்போது இது காதில் பட்டுப் பட்டுத்தான் வரும், விதியைப் படித்து வராது.

உச்சரிப்புக்கும் காதுதான் வழி. தொப்பி போட்ட ‘ஐ’ (î) எழுத்தின் ஒலியைப் பார்த்து ஆங்கிலேயர்கள் திணறுவார்கள். நமக்கு அது வீட்டுச் சரக்கு. ‘பாட்டு’, ‘காற்று’ என்று பேசும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பன்மையில் சொல்லின் கடைசியில் வரும் ‘ஐ’ (i) பெரும்பாலும் ஒலிக்காது, முன்னால் உள்ள மெய்யைக் கொஞ்சம் குழைத்துவிட்டுப் போய்விடும். ஓர் ஓநாய் ‘லுப்’, பல ஓநாய்களும் ஏறக்குறைய ‘லுப்’தான், அந்தக் கடைசிக் குழைவைத் தவிர. தமிழ் எழுத்தில் அதைக் காட்ட முடியவில்லை; கீழே எழுதுகிற எல்லாச் சொற்களையும் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஏன் புத்தகம்? ஒரே காரணம்தான்: பெயர்ச்சொல்லின் பன்மை.

ருமேனிய மொழியில் பெயர்ச்சொற்கள் மூன்று வகை. ஆண்பால், பெண்பால், அப்புறம் ஒருமையில் ஆண்பாலாகவும் பன்மையில் பெண்பாலாகவும் நடக்கும் மூன்றாவது வகை. புகாரெஸ்ட்டின் காரா தெ நோர்த் ரயில் நிலையத்தில் ப்ரஷோவுக்கு ஒரு டிக்கெட் வேண்டுமென்றால் ‘உன் பிலெத்’, அது ஆண்பால். இரண்டு டிக்கெட் என்றால் ‘தோவ பிலெத்தே’, பெண்பாலாக மாறிவிட்டது. இரண்டு என்ற எண்ணே பாலுக்கு ஏற்ப மாறும்: இரண்டு லேய் என்றால் ‘தோய்’, இரண்டு டிக்கெட் என்றால் ‘தோவ’. டிக்கெட் கவுன்ட்டரில் இரண்டு டிக்கெட் கேட்கவே சொல்லின் பால் தெரிந்திருக்க வேண்டும்.

பன்மையை ஊகிக்கலாமே என்றால், அதுவும் நடக்காது. ‘ஹோட்டெல்’ பன்மையில் ‘ஹோட்டெலுர்’. ‘ரெஸ்தௌராந்த்’ பன்மையில் ‘ரெஸ்தௌராந்தே’. இரண்டுமே வெளியிலிருந்து வந்த சொற்கள், இரண்டும் அந்த மூன்றாவது வகை. எது எந்த விகுதியை எடுக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே உயிரெழுத்தும் மாறும்: பெண் ‘ஃபாத்த’, பெண்கள் ‘ஃபெத்தெ’. புத்தகம் ‘கார்த்தெ’, புத்தகங்கள் ‘கர்ட்ஸ்’.

இது வெறும் பன்மையோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். பெண்பால் சொற்களில் ‘பெண்ணுடைய’, ‘பெண்ணுக்கு’ என்று ஒருமையில் சொல்லவும் பெரும்பாலும் அந்தப் பன்மை வடிவத்தின் மேல்தான் கட்ட வேண்டும். ‘ஃபெத்தெ’ தெரிந்தால்தான் ‘ஃபெத்தெய்’ வரும்; ‘கர்ட்ஸ்’ தெரிந்தால்தான் ‘கர்ட்ஸீ’ வரும். நாம் மரம் என்று சொன்னாலும் ‘மரமுக்கு’ என்று சொல்லாமல் ‘மரத்துக்கு’ என்கிறோமே, அதே சங்கதிதான். வேற்றுமை ஒட்டும் அடி வேறாக இருக்கிறது, அந்த அடி இங்கே பன்மைக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் ஒருமை, பன்மை, பால் என்று சேர்த்தே மனதில் போட்டவருக்கு இலக்கணத்தில் பாதி இலவசம். ஒருமையை மட்டும் மனப்பாடம் செய்தவர் ஆறு மாதம் கழித்து எல்லாச் சொல்லையும் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும்.

செயலி வாக்கியம் வாக்கியமாகக் காட்டும். இன்றைக்கு ‘கார்த்தெ’ வரும், ‘கர்ட்ஸ்’ இரண்டு வாரம் கழித்து வேறொரு பாடத்தில் வரும். இரண்டையும் நாமே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒலிப்பாடத்தில் அதற்கும் இடமில்லை, அங்கே பட்டியலே கிடையாது. நல்ல புத்தகத்தின் சொல்லட்டவணையில் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். வாங்குவதற்கு முன் பின்பக்கத்தைத் திறந்து ரயிலைத் தேடுங்கள். ‘த்ரென்’ என்ற சொல்லோடு ‘த்ரெனுர்’ என்ற பன்மையும் இருந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால் அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

எழுத்துக் குறிகள் விஷயத்திலும் புத்தகம் கண்டிப்பானது. ‘பெண்’ என்பதற்கும் ‘அந்தப் பெண்’ என்பதற்கும் எழுத்தில் உள்ள ஒரே வேறுபாடு கடைசி ‘ஏ’ (a) மேல் இருக்கும் பிறைக்குறி. ருமேனியர்களே கைபேசிச் செய்தியில் இந்தக் குறிகளை அடிக்கடி விட்டுவிடுவார்கள். அவர்கள் விடலாம், நாம் விடக்கூடாது.

புத்தகத்தின் குறை, அது ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அமைப்பு ருமேனிய மொழியிலும் அப்படியே இருக்கிறது. அதை விளக்க ஒரு பகுதியே செலவழிப்பார்கள். நாம் சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். இன்னொன்று, புத்தகம் நம்மை விரட்டாது. நான்கு நாள் தொடாமல் விட்டால் கேட்க ஆளில்லை. அதற்காகச் செயலியைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை, காலையில் பத்து நிமிடம் மட்டும்.

ஒலிப்பதிவு இல்லாத புத்தகம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கடைசிக் குழைவு காகிதத்தில் கேட்காது. ரூட்லெட்ஜ் பதிப்பகத்தின் கலோக்கியல் வரிசையில் ஒலிப்பதிவுகளைப் பதிப்பகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கேட்கலாம். சொல்லட்டவணை போதாத இடத்தில் டெக்ஸ்ஆன்லைன் அகராதி இருக்கிறது. 2001 முதல் இயங்கும் இலவச ருமேனிய அகராதி. ஒரு சொல்லைத் தட்டினால் அதன் எல்லா வடிவங்களும் அட்டவணையாக வரும். செயலியோடுதான் இருப்பேன் என்பவர் இந்த அகராதியையும் ஒரு நோட்டையும் சேர்த்துக்கொண்டால் நான் சொன்ன குறையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதெல்லாம் தொடக்கநிலைக்கு மட்டும். ஆசிரியர் வைத்து நான் படிக்கவில்லை, அதனால் அதோடு ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. மால்டோவாப் பேச்சிலும் பழக்கம் குறைவு.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்றால், ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 1993இல் ருமேனிய அகாதெமி எழுத்துமுறையை மாற்றியது. ‘நான் இருக்கிறேன்’ என்பதற்கான வினைச்சொல்லின் நடுவில் தொப்பி போட்ட ‘ஐ’ இருந்தால் அது மாற்றத்துக்கு முந்தைய முறை. ‘யூ’ (u) இருந்தால் பிந்தைய முறை. பழைய முறைப் புத்தகத்தில் இலக்கணம் கெட்டுப்போகவில்லை, ஆனால் பல சொற்களை வேறு எழுத்தில் படித்துவிட்டு ருமேனியச் செய்தித்தாளைப் பிரித்தால் தடுமாற்றம் வரும். அதோடு வந்த ஒலிநாடா இன்னும் ஓடுமா என்பது தனிக் கேள்வி.