வெறுப்புப் பேச்சை எதிர்கொள்ளும் பயிற்சி: தாராளமாகப் போகலாம், ஆனால் கடைசிப் பகுதி போதாது

சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவு நடத்தும் அரைநாள் பயிலரங்குக்குப் போய்வந்தேன். இனத்தையோ மதத்தையோ வைத்து ஒருவரைக் கேவலமாகப் பேசும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதுதான் பாடம். கட்டணம் கிடையாது. விடுதியில் ஒரு தளத்துக்கு நான் பொறுப்பு. இப்படிப்பட்ட புகார்கள் முதலில் என் அறைக்குத்தான் வரும் என்பதால் நிறைய எதிர்பார்த்துப் போனேன்.

ஜூலை 21 இன நல்லிணக்க நாளன்று பாவாடை தாவணியில் தொடக்கப்பள்ளிக்குப் போய் வளர்ந்தவள் நான். சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே நடந்த 1964 இனக் கலவரத்தின் நினைவாகத்தான் அந்த நாள் என்று அப்போதே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ப்ராஜெக்ட் குழுவில் ஒருத்தன் வாய்க்கு வந்ததைப் பேசினால் என்ன செய்வது என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. இங்கே சொல்லித் தருகிறார்கள்.

நியூயார்க்கில் 2005ல் தொடங்கிய 'ரைட் டு பி' அமைப்பு பரப்பிவரும் ஐந்து வழிகள்தான் அடிப்படை: பேச்சைத் திசைதிருப்புவது, பொறுப்பில் இருப்பவரைக் கூப்பிடுவது, நடந்ததைப் பதிவு செய்வது, பிறகு போய் நலம் விசாரிப்பது, முகத்துக்கு நேரே சொல்வது. நேரே சொல்வதைக் கடைசியில் வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. எல்லாருக்கும் அந்தத் தைரியம் வராது, எல்லா இடத்திலும் அது பாதுகாப்பும் இல்லை.

பயிலரங்கின் உயிர் நடிப்புப் பகுதிதான். எங்கள் குழுவுக்கு வந்த காட்சி இது: தஞ்சாவூரிலிருந்து படிக்க வந்த மாணவியிடம், "நீ பேசாதே, உன் ஆக்சென்ட் யாருக்கும் புரியாது. சீக்கா கூட்டம்" என்கிறான் ஒருவன். 'சீக்கா' (CECA) என்பது இந்தியாவும் சிங்கப்பூரும் 2005ல் கையெழுத்திட்ட பொருளியல் உடன்பாட்டின் பெயர். இப்போது அதை வசைச்சொல்லாக இந்திய முகம் உள்ள யார்மீதும் வீசுகிறார்கள், இங்கேயே பிறந்த என்மீதும். அந்த மாணவியாக நடித்தவர் ஒரு மலாய் நண்பர். வசனம் முடிந்ததும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நடிப்புதான் என்று தெரிந்தும் பேச்சு வரவில்லை. பயிற்றுநர் அவசரப்படுத்தாமல் காத்திருந்துவிட்டு அவரிடம் கேட்டார்: "இப்போது யார் என்ன செய்திருந்தால் உங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்?" அவர் சொன்னார்: "அவனை யாரும் திட்ட வேண்டாம். என் பெயரைச் சொல்லி, அடுத்த ஸ்லைடை நீ எடுத்துக்கொள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்."

பேசியவனை எப்படி மடக்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்த எங்களை, அடிபட்டவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது அந்தப் பதில்.

இன்னொரு குழுவுக்கு, வெளிநாட்டு ஊழியர்கள் எம்ஆர்டி ரயிலில் ஏறியதும் மூக்கைப் பொத்தும் மாணவர்கள் காட்சி. மூக்கைப் பொத்தியவர்களில் ஒருவர் தமிழர் என்று எழுதியிருந்தார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். பங்களாதேஷ் ஊழியர்களை 'பங்களா' என்று இளக்காரமாகச் சொல்வது நம் வீடுகளிலும் உண்டு.

குறை என்றால் கடைசிப் பகுதி. புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள், பெயர் வெளியே போகுமா, எத்தனை நாளில் பதில் வரும் என்று கேட்டோம். இணையப் படிவம் ஒன்று இருப்பதாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொல்லை தொடர்ந்தால் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தில், தவறு செய்தவர் பாதிக்கப்பட்ட சமூகத்தோடு உறவைச் சரிசெய்துகொள்ள வாய்ப்புத் தரும் ஏற்பாடும் இருக்கிறது. புகார் கொடுத்தால் எதிராளியின் படிப்பே போய்விடுமோ என்று தயங்குகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா?

சாப்பாட்டில் ஹலாலும் சைவமும் தனித்தனி மேசையில், தனிக் கரண்டிகளோடு இருந்தன. பெயர்ப்பட்டையில் அவரவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று எழுத இடம் விட்டிருந்தார்கள்.

புதுமுக முகாம் நடத்தும் சீனியர்கள் முதலில் போக வேண்டும். கேலிப்பெயர் வைப்பதெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பருவம் தொடங்கும் முன்பே பதிந்துகொள்ளுங்கள். போனால் புகார் நடைமுறையைப் பற்றி நீங்களும் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால்தான் அடுத்த முறை அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குவார்கள்.