வால்வு பழுதுள்ளவருக்குக் காய்ச்சலா? ஊசிக்கு முன் ரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என் அண்ணனுக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேரக் கூடாது.

சிறுவயதில் மூட்டு வீங்கி வந்த வாதக் காய்ச்சலால் அவருடைய இதய வால்வில் கசிவு உண்டு. 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுவந்தார். உடம்பு நன்றாக இருந்ததால் இடையில் விட்டுவிட்டார். செடி வெட்டும் கவாத்து வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சென்ற ஆண்டு கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. மாலையானால் குளிர் நடுக்கம், இரவில் சட்டை நனையும் வியர்வை. சாப்பாடு இறங்கவில்லை, இடுப்பில் வேட்டி நிற்கவில்லை.

ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். "ஐயா, இவருக்கு வால்வில் கசிவு இருக்கிறது" என்று அண்ணி முதல் நாளே சொன்னார். மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. விடால் என்ற ஒரே ஒரு ரத்தச் சோதனையை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டினார். ஐந்து நாள் ஊசி போட்டதும் காய்ச்சல் தணிந்தது. நிறுத்திய நான்காம் நாள் திரும்பி வந்தது. மருந்தை மாற்றினார். மறுபடியும் அதே கதை. இப்படி ஐந்து வாரத்தில் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் குளுக்கோஸ், ஊசி, சோதனை என்று பணம் கறந்தார்கள். ரசீது ஒன்றுகூடத் தரவில்லை.

அண்ணனின் நகங்களுக்கு அடியில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தன. நான் அவர் கையைப் பிடித்துக் காட்டினேன். "கவாத்து வெட்டுகிறவருக்குச் சிராய் ஏறியிருக்கும்" என்றார் மருத்துவர். சிராய் குத்தினால் வலிக்காதா? பத்து விரலில் நான்கில் ஒரே நேரத்திலா ஏறும்? அன்று கேட்கத் தோன்றவில்லையே என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

ஒரு விடியற்காலையில் அவருக்குப் பேச்சு குழறியது, வலது கை தூக்க வரவில்லை. 108 வண்டியில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் அந்தக் கோடுகளைப் பார்த்த உடனேயே முகம் மாறினார். அடுத்த மருந்தைத் தொடுவதற்கு முன் வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுத்து, கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை. ஏற்கெனவே ஏற்றிய மருந்துகள் அதை மறைத்துவிட்டன. நெஞ்சின் மேல் எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் தெளிவில்லை. தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோவில்தான் வால்வில் ஒரு சென்டிமீட்டருக்கும் பெரிய கிருமித் திரள் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதிலிருந்து உடைந்த துணுக்குதான் மூளைக்குப் போயிருந்தது.

வாயில் இருக்கும் கிருமி பல் பிடுங்கும்போது ரத்தத்தில் கலந்து, பழுதான வால்வில் ஒட்டிக்கொள்ளுமாம். எண்டோகார்டைட்டிஸ் என்கிறார்கள்; சரியான மருந்து இல்லாவிட்டால் உயிரே போய்விடும் நோய் இது. மாத்திரை போதாது, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் ரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும். எந்தக் கிருமி என்று தெரிந்திருந்தால் அதற்கேற்ற மருந்தைத் தந்திருப்பார்கள். தெரியாததால் பலவற்றுக்கும் சேர்த்து ஏற்றினார்கள். அதில் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் அடிக்கடி பார்த்தார்கள். ஆறு வாரமும் அண்ணி வராந்தாவில்தான் படுத்தார்.

அந்த கிளினிக்கில் வசதி இல்லாததை நான் குறை சொல்லவில்லை. "இங்கே முடியாது, கீழே போங்கள்" என்று முதல் வாரமே ஒரு வரி எழுதித் தந்திருக்கலாம். கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்" என்றுதான் பதில் வந்தது.

வால்வில் கசிவோ செயற்கை வால்வோ உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், முதல் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்பே, ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். பழைய எக்கோ தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

அண்ணனுக்கு இன்னொரு பல் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை இந்த நோய் வந்தவர் என்பதால், எடுப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்சிசிலின் விழுங்க வேண்டும் என்று கோவையில் எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை இடது கையால் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.